குளத்தில் கேட்ட சத்தம்

இருட்டியதும் குளத்தில் ‘களக்... களக்...’ என்று யாரோ தண்ணீர் குடிப்பது போலச் சத்தம் கேட்டது. மூன்றாம் நாளாக இப்படித்தான். நத்தை பயந்து, தன் ஓட்டின் மூடியைச் சாத்திக்கொண்டது. தூக்கம் வரவில்லை. கரையில் அதன் முட்டைகள் இருந்தன. பொரிந்து வரும் குஞ்சுகளுக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீரோ நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனது.

போன ஐப்பசியில் என்றால் உடனே நண்பர்களிடம் கேட்டிருக்கும். அப்போதெல்லாம் நத்தையும் தவளையும் நண்டும் மழையில் நனைந்தபடி விடிய விடியப் பேசிக்கொண்டிருக்கும். நண்டின் நடையைத் தவளை கேலி செய்ததோடு அந்தப் பேச்சு நின்றுபோயிற்று.

நத்தை மூடியைத் திறந்தது. "தவளையண்ணே, அந்தச் சத்தம்..."

"உனக்கும் கேட்குதா? நண்டு வீட்டுப் பக்கம்தான். நான் போனா கடிப்பான்."

நத்தையே ஊர்ந்து போய்க் கேட்டது. "நண்டண்ணே, தண்ணி இறங்குதே, என் பிள்ளைங்க என்ன ஆகும்?"

நண்டு தயங்கியது. "வீட்டை வயல் வரைக்கும் தோண்டிட்டேன். அது வழியாத்தான் ஓடுது. சொன்னா அந்த வாயாடி சிரிப்பானேன்னு சொல்லலை."

பின்னாலேயே வந்திருந்த தவளை சிரிக்கவில்லை. சேற்றை உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தது.

"இந்த வாசலை உள்ளேயிருந்து அடைச்சாத்தான் நிற்கும்," என்றது நண்டு. "நாளைக்கு வயல் பக்கமா ஏறிக் கரைக்கு வரேன். பேசலாம்."

"குறுக்காலயே வாடா, சீக்கிரம் வந்துடலாம்," என்றது தவளை.

நண்டு உள்ளே போயிற்று. வெளியே இரண்டும் காத்திருந்தன. கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைந்து நின்றது. நண்டு உள்ளேயிருந்து கதவைத் தாழிட்டுவிட்டது.