மௌன வாரத்து விருந்தாளி

ரொட்டியின் கருகிய ஓரத்தை நறுக்கித் தள்ளிவிட்டு, வெண்ணெயை அள்ளி அப்பினாள் அன்புசெல்வி. தட்டை வெள்ளைக்காரப் பெண்ணின் முன்னால் வைத்து, ‘சாப்பிடு, சாப்பிடு’ என்று வாயருகே கையைக் கொண்டுபோய்க் காட்டினாள். அந்தப் பெண்ணோ பக்கத்துத் தட்டிலிருந்த மீன்குழம்பையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நோ, நோ! காரம்! சாப்ட்டா யுவர் வயிறு கோவிந்தா!”

கன்னியாஸ்திரீகள் நடத்தும் மறைக்கல்விப் பயிற்சிப் பள்ளியில் நின்றுகொண்டு கோவிந்தா என்றுவிட்டோமே என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

புது மாணவிகளுக்கு அங்கே முதல் வாரம் மௌனத் தியானம். பேசக்கூடாது, சைகைகூடக் காட்டக்கூடாது. பரிமாறுகிற இரண்டாம் வருடத்துப் பெண்கள் மட்டும் அவசியத்துக்கு வாய் திறக்கலாம். அன்புசெல்விக்கு அவசியம் கொஞ்சம் அதிகமாகவே வந்துகொண்டிருந்தது.

தியானம் தொடங்குவதற்கு முன்பே மதர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “பிரெஞ்சுக்காரங்களோட ரீயூனியன் தீவுலேருந்து ஒரு பொண்ணு வந்திருக்கு அன்பு. போன வருஷம் வந்தவ சாப்பாடு ஒத்துக்கல, தனியா இருக்குன்னு ரெண்டாவது வாரமே மூட்ட கட்டிட்டா. இந்தப் பொண்ணு தங்கிட்டா, அடுத்த வருஷம் அவங்க பள்ளிக்கு உன்ன பயிற்சிக்கு அனுப்புறேன். யாருன்னு காட்டட்டுமா?”

“காட்டணுமா மதர்? பாத்தாலே தெரியாதா!” என்று ஓடிவந்துவிட்டாள் அன்புசெல்வி. விழுப்புரத்தைத் தாண்டாதவளுக்கு அன்றிலிருந்து கண்ணை மூடினால் விமானம்தான்.

அப்புறம் என்ன, ராஜ உபசாரம்! பெரிய மார்க்கெட்டுக்கு ஆட்டோ பிடித்துப் போய் ஆப்பிள் வாங்கிவந்தாள். மற்றவர்களுக்குப் பாய், வெள்ளைக்காரிக்கு மட்டும் கட்டிலும் மெத்தையும். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால், “வெக்கப்படுது பாவம்” என்று தட்டில் இன்னொரு துண்டு ரொட்டி விழும்.

இத்தனைக்கும் ஒரு எடுபிடி வேண்டாமா? புதிதாக வந்தவர்களில் கறுப்பாய், ஒல்லியாய், முழங்கை நீளச் சடையோடு ஒருத்தி இருந்தாள். அன்புசெல்வி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தா, இந்த வெங்காயத்த உரி. உரின்னா உரிக்கணும். என் மொகத்துல இன்னா எழுதியிருக்குன்னு பாத்துக்கினு நிக்கிற?”

எதையும் ஒரு தடவை செய்து காட்டினால்தான் அவளுக்கு விளங்கும். ஆனாலும் முகம் சுளிக்காத பெண். அதனால் அன்புசெல்விக்கு அவள்மேல் கோபமே நிற்காது. திட்டி முடித்த கையோடு தன் மீன் துண்டை எடுத்து அவள் சோற்றில் வைத்துவிடுவாள். ஒருநாள் அப்படி வைத்தபோது அந்தப் பெண் மௌனத்தை மறந்து, “மெர்சி” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள்.

“அடி ஆத்தி! நம்ம ஊருல பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்சன் வாங்குற வூட்டுப் பொண்ணா நீ? அதான் ஒனக்கு வேலயே ஓட மாட்டேங்குது” என்று செல்லமாக அவள் தலையில் குட்டினாள் அன்புசெல்வி. சுற்றியிருந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

மௌனம் கலையும் நாள் வந்தது. அன்று காலையில் புதியவர்கள் ஒவ்வொருவராக மதரின் அறைக்குள் போய் மனம்விட்டுப் பேசுவார்கள். தங்குவதா, ஊர் திரும்புவதா என்பது அங்கேதான் முடிவாகும். வெளியில் மட்டும் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை மௌனம்தான்.

வெள்ளைக்காரி உள்ளே போனதும் அன்புசெல்வி கதவோரமாகவே நின்றுகொண்டாள். ‘மாதாவே, இவ தங்கிடணும், இவ தங்கிடணும்’ என்று ஜெபமாலையை வேகவேகமாக உருட்டினாள். வெளியே வந்தவள் சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையை அடக்குகிறாளா என்றே தெரியவில்லை.

எல்லோரும் போய்வந்த பிறகு மதர் மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தார்.

“ஜெயிச்சிட்டடி அன்பு! தீவுப் பொண்ணு தங்குதாம்!”

அன்புசெல்வி துள்ளிக் குதித்தாள். சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

“உன்னைத்தான் வாய் ஓயாமப் புகழுது. ஊர விட்டு வந்த மாதிரியே இல்லியாம். கூடப் பொறந்த அக்கா மாதிரி உரிமையாத் திட்டுனியாம்.”

“நானா திட்டுனேன்?” அன்புசெல்வி விழித்தாள். பிரெஞ்சில் சொன்னதை மதர் எசகுபிசகாகப் புரிந்துகொண்டிருப்பார் என்று விட்டுவிட்டாள்.

“இன்னொண்ணு கேளு. அவங்க பாட்டன் முப்பாட்டன்லாம் இந்த ஊருலேருந்துதான் கப்பல் ஏறினாங்களாம்!”

அடேயப்பா, இந்த ஊரை ஆண்ட பிரெஞ்சுக் கவர்னர் வம்சமா! அப்படியானால் கட்டிலும் மெத்தையும் போட்டது சரிதான் என்று அன்புசெல்வி பூரித்துப்போனாள்.

மணி அடித்தது. சாப்பாட்டு அறைக்கு ஓடி, வெள்ளைக்காரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “யூ ஸ்டே! ஐ வெரி ஹேப்பி! யுவர் தாத்தா கவர்னர்?”

வெள்ளைக்காரி ஒரு வாரத்து மூச்சையும் சேர்த்து விட்டாள்.

“அக்கா, எங்கப்பாம்மாதான் வெள்ளைக்காரங்க, நான் பொறந்து வளந்ததெல்லாம் இங்க பக்கத்துல பிள்ளைச்சாவடி! தீவுலேருந்து வந்தவ, நீங்க தெனம் திட்டுறீங்களே, அவ!”