பக்கத்து அறையில் ஆணி

மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டுகிறது. முன்பின் தெரியாதவர்களுக்கு வீடு கட்டிக்கொடுக்கத் தன்னார்வலராகக் கடல் தாண்டி வந்திருப்பவள், சிமெண்ட் காய்ந்த விரல்களால் பெட்டியின் ஜிப்பைத் திறக்கிறாள், மூடுகிறாள், மறுபடி திறக்கிறாள். வந்து ஒரு மாதமாகியும் துணிமணிகள் அதற்குள்ளேதான் இருக்கின்றன. நினைத்த நிமிடம் கிளம்பிவிடலாம். கட்டில்மேல் கிடக்கும் போனில் அம்மாவின் குரல். “பிடிக்கலன்னா வந்துடுடி. பெட்டியயாவது பிரிச்சியா?” “வந்த அன்னிக்கே எல்லாத்தயும் எடுத்து மாட்டிட்டேம்மா.” சொல்லிவிட்டு வெற்றுச் சுவரைப் பார்க்கிறாள். இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னல்வரை போகிறாள், திரும்பி வந்து உட்காருகிறாள், எழுகிறாள். பகலெல்லாம் ஊரார் வீட்டுக் கதவு ஜன்னலுக்கு ஆணி அடித்த கை, சட்டைப் பையில் தங்கிவிட்ட ஒன்றை உருட்டிக்கொண்டே இருக்கிறது. சட்டென்று அதைச் சுவரில் வைத்து, இன்னும் இடுப்பிலேயே தொங்கும் சுத்தியலை எடுத்துக் கைக்குட்டையைச் சுற்றி, மெல்லத் தட்டுகிறாள். காரை உதிர்ந்து பாதத்தில் விழுகிறது. “அங்க என்னடி டொக்கு டொக்குன்னு?” “பக்கத்து ரூம்லம்மா. ஆணி அடிக்கிறாங்க.” “புதுசா குடி வந்திருக்காங்களா?” சுத்தியல் நிற்கிறது. ஆணி பாதி இறங்கியிருக்கிறது. “ஆமாம்மா,” என்கிறாள். “இன்னிக்குத்தான்.”