பார்வையாளர் புத்தகம்

முப்பது வருடங்களாகச் சிறைச்சாலை வழக்குகளில் அரசுக்காக வாதாடி வருகிறேன். எங்கள் குடும்பத்தில் எவரும் கைதியாகவோ, கைதியைப் பார்க்கவோ சிறைக்குப் போனதில்லை.

தன் கணவன் கிஷாந்த் மே மூன்றாம் திகதி சிறைக் காவலர்கள் அடித்துச் செத்தான் என்று வட்டகொடைப் பெண்ணொருத்தி வழக்குப் போட்டிருந்தாள். அதன் பின்னும் அவன் உயிரோடு இருந்தான் என்பது எங்கள் வாதம். அதற்கிருந்த ஒரே சான்று சிறையின் பார்வையாளர் புத்தகம். மே பத்தாம் திகதி அவனை ஒருவர் பார்த்திருக்கிறார்.

அந்தப் பதிவில் இருந்த பெயர் என்னுடையது. உறவு, அண்ணன். கையெழுத்தும் என்னுடையதே. எனக்குத் தம்பி கிடையாது.

“யாரோ கள்ளக் கையெழுத்து வச்சிருக்கான்,” என்றேன்.

“வெளையாடாதீங்க சேர். நான்தானே ஒங்கள உள்ள கூட்டிட்டுப் போனேன்,” என்று காவலர் பரமநாதன் சிரித்தார்.

புத்தகத்தை நீதிமன்றத்தில் கொடுத்தால் குடும்பத்தின் பெயர் சந்தி சிரிக்கும். நான் கொடுக்கவில்லை. வழக்கில் தோற்றோம்.

கந்தப்பளை வீட்டில் தீர்ப்பை மட்டும் மனைவியிடம் சொன்னேன்.

“அப்ப கிஷாந்த் தம்பிக்கு மூணாம் தேதிக்கே திவசம் வச்சிருவோமுங்களா?” என்றாள் கமலேஸ்வரி. “பத்தாம் தேதி பாத்துட்டு வந்து, நல்லா இருக்கான்னு சொன்னீங்களே.”

நாட்காட்டியில் பேனாவை வைத்தபடி என் பதிலுக்காக நின்றாள்.