மேல்வீட்டுக் குதியாட்டம்

“விடாதீங்க, தாடையிலயே ஒண்ணு போடுங்க” என்று சமையலறையிலிருந்து மனைவி ஊக்கம் கொடுத்தாள். கிரேன் ஓட்டுநர் போட்டார். எதிரி மல்லாந்து விழுந்தான்.

விழுந்தவன் தொலைக்காட்சித் திரைக்குள் இருந்தான். கையில் பிடித்த கருவியை அசைத்தால், திரையில் உள்ள வீரனும் அவ்வாறே அசைவான். உடல் இளைப்பதற்கென்றே செய்யப்பட்ட அந்தக் குத்துச்சண்டை விளையாட்டை மனைவிதான் ஆசையோடு வாங்கி வந்திருந்தாள்.

ஆசைக்குக் காரணம் இருந்தது. துறைமுகத்தில் கிரேனின் உச்சி அறைக்குச் செல்ல மின்தூக்கி உண்டு. ஆயினும் அது பழுதானால் ஏணியில் ஏறி இறங்கும் தெம்பு ஓட்டுநருக்கு இருந்தாக வேண்டும் என்பது விதி. சென்ற உடல்தகுதிச் சோதனையில் இவர் பாதி ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு அளித்திருந்தார்கள். அதிலும் தேறாவிட்டால் வாசலில் நின்று லாரிகளுக்குச் சீட்டுக் கிழிக்க வேண்டும். கப்பல்களையே குனிந்து பார்த்துப் பழகியவருக்கு அந்த நினைப்பே கசந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு கூடத்திற்கு வந்த மனைவி திகைத்து நின்றாள். வெற்றி வீரர் சோபாவில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டிருந்தார். மணிக்கட்டு மட்டும் இலேசாகச் சொடுக்கியது; திரை ‘அபாரம்’ என்று பாராட்டியது.

“இதுக்குப் பேரு உடற்பயிற்சியா?”

“மெஷினே அபாரம்னு சொல்லுது. உனக்கு என்ன தெரியும்?”

“நீங்க குத்துற குத்துக்கு ஈகூடப் பறக்காது. தொப்பை எப்படிக் கரையும்?”

மறுநாளே அந்த விளையாட்டு மேல்வீட்டுத் தையற்காரியிடம் போய்ச் சேர்ந்தது. “அவளாவது உருப்படட்டும்” என்றாள் மனைவி. ஓட்டுநர் எவ்வித வருத்தமும் இன்றிச் சோபாவில் நீட்டிப் படுத்தார்.

தலைக்கு மேலே தொம்மென்று ஒரு சத்தம் எழுந்தது. அடுத்து இன்னொன்று. பிறகு கூரை முழுவதும் அதிரத் தொடங்கியது.

“நீ பண்ணின தர்மம் தலைமேல குதிக்குது. போய் நிறுத்தச் சொல்லு.”

“நான் போனா, குடுத்துட்டுக் குத்தம் சொல்றாங்கன்னு நினைப்பா. நீங்களே போங்க.”

“அப்ப திருப்பி வாங்கிடு.”

“வாங்கிடறேன். தினமும் நின்னுக்கிட்டு ஆடுவீங்களா?”

ஓட்டுநர் எழுந்து செருப்பை மாட்டினார்.

மேல்வீட்டிற்கு வழி பின்புறத்தில் இருந்தது. வீட்டைச் சுற்றிச் சென்று, செங்குத்தான இரும்புப் படிகளில் ஏற வேண்டும். அவர் கதவைத் தட்டியபோது, கழுத்தில் அளவு நாடாவும் கையில் நூல் கோத்த ஊசியுமாகத் தையற்காரி வந்து நின்றாள். மூச்சு வாங்கியது அவருக்குத்தான்.

“என்னண்ணே, இப்படி இரைக்குது? தண்ணி கொண்டு வரவா?”

“தண்ணி... வேண்டாம்மா. மெதுவாக் குதி. கீழ மனுஷங்க இருக்கோம்.”

“அடடா, கேட்டுச்சா? இனிமே பாத்துக்கறேண்ணே.”

பார்த்துக்கொள்ளத்தான் செய்தாள், அவர் கீழே வந்து முதுகைச் சாய்க்கும் வரையில். அதன்பின் மீண்டும் தொம் தொம். மீண்டும் செருப்பு, மீண்டும் இரும்புப் படிகள்.

ஒவ்வொரு மாலையும் இவ்வாறே கழிந்தது. தொடக்கத்தில் கதவருகே கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, திட்டுவதற்கு மூச்சு வரட்டும் என்று காத்திருந்தார். வாரங்கள் செல்லச் செல்ல, ஏறும்போதே திட்டத் தொடங்கினார். கதவு திறப்பதற்குள் பாதித் திட்டு முடிந்திருக்கும்.

சோதனை நாள் வந்தது. சீட்டுக் கிழிக்கும் கூண்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போனார். ஏணியில் உச்சிவரை ஏறச் சொன்னார்கள், ஏறினார். இறங்கச் சொன்னார்கள், இறங்கினார். நாடித் துடிப்பை அளந்த மருத்துவர், கருவியில்தான் கோளாறோ என்று அதைத் தட்டிப் பார்த்தார்.

“போன தடவை உங்களைக் கைத்தாங்கலா இறக்கினோம். அப்படி என்ன பயிற்சி பண்றீங்க?”

“பயிற்சியெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். மேல்வீட்டோட தினமும் சண்டை, அவ்வளவுதான்.”

“அதை விட்டுடாதீங்க” என்று மருத்துவர் கையெழுத்திட்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஓட்டுநரின் உள்ளம் இளகிக்கொண்டே வந்தது. பாவம், அந்தப் பெண் ஏதோ தன் உடம்பு இளைக்கட்டும் என்று குதித்தாள். அது இவருடைய வேலையைக் காப்பாற்றிவிட்டது. அவளுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. இனி எவ்வளவு குதித்தாலும் ஒரு சொல்லும் சொல்வதில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

“பாஸ் பண்ணிட்டேன்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, ஓர் அரசரைப் போலச் சோபாவில் சாய்ந்தார். “எனக்குத் தெரியும்” என்று சிரித்தவள், காய்ந்த துணிகளை எடுக்கப் பின்புறம் போனாள்.

அவள் மேசையில் விட்டுச்சென்ற செல்பேசி ஒலித்தது. கை நீட்டி எடுத்துக் காதில் வைத்தார். அவர் வாயைத் திறக்குமுன், மறுமுனையில் தையற்காரியின் குரல் இரகசியமாகக் கேட்டது.

“அக்கா, அண்ணன் படுத்தாச்சா? குதிக்கட்டுமா?”