மிச்ச அட்டை

எனக்கும் எதிர்வீட்டு சூசைமாணிக்கத்துக்கும் நெஞ்சுக்கு ஒரே டாக்டர்தான். பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு ரெண்டு பேருக்கும் ஒரே புது மாத்திரையை எழுதினார். என்ன கண்டு எழுதினாரோ. அந்த வாரம் முடியுமுன்னே சூசை போய்விட்டான்.

நேற்று அவன் பெண்சாதி ரெஜினா மிச்ச மாத்திரை அட்டையோடு வந்தாள். “என் கையாலதான் எடுத்துக் குடுத்தேன் அண்ணே. நான் மாத்திக் குடுத்துட்டேனாம், பெரியவன் சொல்றான். இதுதானா பாருங்க.”

என் அட்டையை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். ரெண்டும் ஒன்றுதான். “உன்மேல குத்தமில்ல, போ” என்றேன்.

அவள் போகவில்லை. “உங்களதும் அவரு நிறுத்துன இடத்துலயே நிக்குதே?” என்றாள்.

அவன் செத்த அன்றிலிருந்து அதை நான் தொடவில்லை. அதை அவளிடம் எந்த வாயால் சொல்ல? வேறு வழியில்லாமல் ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன்.

ரெஜினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“வீட்ல வேலை இல்லையா உனக்கு?”

“கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன்” என்றாள், என் நெஞ்சையே பார்த்துக்கொண்டு.