வலப்பக்கம்

கல்யாணமான பதினோரு வருடமும், விடிந்ததும் இன்னாசியைக் குப்புறப் படுக்கவைத்து, கையைக் குவித்து முதுகில் தட்டிச் சளியை இறக்கிவந்தவள் அவன் மனைவி ஸ்டெல்லா. மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் நுண்முடிகள் அவனுக்குப் பிறவியிலேயே முளைக்கவில்லை. கருவில் இதயத்தை இடப்பக்கம் சேர்ப்பதும் அதே ஜாதி முடிகள்தானாம். அவனுக்கு அது வலப்பக்கம் இருந்தது.

நாற்பது நாள் மருந்துப்புகையை இழுத்ததில், அந்த முடிகளை முளைக்கவைக்காமல் தூங்கிக்கிடந்த மரபணு இப்போது விழித்துவிட்டது.

"செல்லுலெல்லாம் முடி முளைச்சு, காத்துல நாத்து மாதிரி ஒரே திசையா அசையுது. இனிமே தட்ட வேண்டாம்மா" என்றார் டாக்டர்.

ஸ்டெல்லாவுக்குச் சந்தோஷத்தைவிடக் கலக்கம்தான் அதிகம். "அப்ப இவுக இதயமும் இடப்பக்கம் போயிருமா டாக்டர்? நான் வலப்பக்கம் சாஞ்சே பழகிட்டேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். "அது தாய் வயித்துலயே முடிவானது. இனி நகராது."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும், ஆட்கள் பார்ப்பதைக்கூடப் பொருட்படுத்தாமல் அவன் சட்டையின் வலப்பக்கம் காதை வைத்தாள். இத்தனை வருடமும் சளியின் கரகரப்புதான் முந்திக்கொண்டு கேட்கும்.

"என்னட்டி கேக்குது?"

"வேற ஒண்ணுமில்ல" என்றாள், கண்ணைத் துடைத்தபடி. "நீங்க மட்டுந்தான்."