மைக்செட்டுக்கு மைக் வேண்டாம்

"அந்தம்மா கையில மட்டும் மைக் போயிடக்கூடாது. இப்பவே சொல்லிட்டேன்," என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர்.

"அவங்களுக்கு எதுக்கு சார் மைக்? சும்மா பேசினாலே பக்கத்துத் தெரு வரைக்கும் கேக்குமே!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

வண்டி நிறுத்தும் இடத்தில் நாற்காலிகள் போட்டாகிவிட்டது. மேஜைமேல் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார் மிலிட்டரி. பக்கத்தில் அவர் வாங்கிய பதக்கங்கள். போன வாரம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஓய்வு பெற்று இங்கே குடிவந்த நாளிலிருந்து எல்லோருக்கும் அவர் 'மிலிட்டரி'தான். அவர் மனைவிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. மைக்செட்.

"குளிச்சாச்சா?" என்று மூன்றாம் மாடியில் அந்தம்மா புருஷனைக் கேட்டால், வாசல் காவலாளி "ஆச்சும்மா" என்று பதில் சொல்லுவார். "குடையை எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேனே!" என்று கத்தினால், தெருவில் போகிறவர்களெல்லாம் வானத்தைப் பார்ப்பார்கள். அந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருக்கவே முடியாது என்பது குடியிருப்பின் தீர்ப்பு.

கூட்டம் தொடங்கியது. முதல் வரிசையில் அந்தம்மா. பக்கத்தில் மகள். செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இளமையெல்லாம் பீரங்கிக்குப் பக்கத்திலேயே கழிச்ச மனுஷன். இங்க மட்டும் என்ன? நாலாவது மாடியில தீப்பிடிச்சப்போ நாமெல்லாம் கீழே ஓடினோம். அவர் மேலே ஓடினார். நடக்க முடியாத பெரியவரை முதுகுல போட்டுக்கிட்டு இறங்கி வந்தார். ஆனா நான் சொல்ல வந்தது அவரோட வீரத்தை இல்ல. பொறுமையை!"

கைதட்டினார்கள்.

"வண்டி நிறுத்துற இடத்துக்காக எனக்கும் நம்ம மருந்துக்கடைக்காரருக்கும் அடிதடி ஆகப் பார்த்துச்சே, ஞாபகம் இருக்கா? நடுவுல வந்து உக்காந்தார். நான் பேசினப்ப என் முகத்தையே பார்த்தார். இவர் பேசினப்ப இவர் முகத்தையே பார்த்தார். குறுக்க ஒரு வார்த்தை பேசணுமே! ரெண்டு பேரும் கத்தி ஓய்ஞ்சதும் எழுந்தார். 'வண்டியை ரெண்டு பேரும் வெளியில நிறுத்துங்க'ன்னுட்டுப் போயிட்டார்."

"இன்னிவரைக்கும் வெளியிலதான் நிக்குது!" என்று குரல் கொடுத்தார் மருந்துக்கடைக்காரர்.

சிரிப்பு. மகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்து மருந்துக்கடைக்காரரே மைக்கைப் பிடித்தார்.

"நாம கத்தினது ஒரே ஒரு நாள். ஆனா வீட்டுல..." முதல் வரிசையைப் பார்த்துக்கொண்டே இழுத்தார். "சரி, விடுங்க. போர்க்களத்துலகூட சாப்பாட்டு நேரத்துல துப்பாக்கிச் சத்தம் நிக்கும்."

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

"எவ்வளவு கத்தல்! ஒரு தடவை முகம் சுளிச்சிருப்பாரா? எதிர்த்து ஒரு வார்த்தை? சிரிச்சுக்கிட்டே தலையாட்டுவார். பாவம் மனுஷன்!"

"பாவம்," என்றது பின்வரிசை.

"ரொம்பப் பாவம்," என்றார் செயலாளரின் மனைவி, முதல் வரிசைக்குக் கேட்கட்டும் என்றே.

அந்தம்மா எழுந்தார்.

மகள் கையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம்மா. என்னமோ பேசிட்டுப் போறாங்க."

"என்னை என்ன வேணா பேசட்டும்டி. அவரைப் பாவம்னு சொல்ல யாரு இவங்க?"

கையை உதறிக்கொண்டு மேஜையருகே போனார். செயலாளர் பாய்ந்து வந்து மைக்கை வாங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "நேரமாயிடுச்சும்மா. அடுத்து மௌன அஞ்சலி..."

அந்தம்மா கையை நீட்டியபடி நின்றார். நீட்டிய கை இறங்குகிற வழியாகத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் கொடுத்தார் செயலாளர். முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் காதில் விரலை விட்டுக்கொண்டார்கள்.

அந்தம்மாவின் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

செயலாளர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். அது நன்றாகத்தான் அதிர்ந்தது.

"கேக்கலம்மா! வீட்டுல பேசுற மாதிரி பேசுங்க!" என்று கத்தினார் மருந்துக்கடைக்காரர். மறுபடியும் சிரிப்பு.

அந்தம்மா மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அப்போதும் பூனை நடக்கிற மாதிரிதான் இருந்தது குரல். கேட்பதற்காகவே கூட்டம் அடங்கவேண்டியிருந்தது.

"என் குரல் இவ்வளவுதாங்க. கல்யாணமான புதுசுல என் மாமியாரே, 'பொண்ணு ஊமையா?'ன்னு கேட்டாங்க."

பிள்ளைகள் காதிலிருந்து விரலை எடுத்தார்கள்.

"பீரங்கிப் பக்கத்துல நின்னு நின்னு, பட்டாளத்துலேர்ந்து வரும்போதே அவருக்கு ஒரு காது முழுசாப் போயிடுச்சு. இன்னொண்ணு முக்கால்வாசி. 'காதுல மிஷினை மாட்டினா பார்க்கிறவனெல்லாம் பாவம்பான். அதுக்கு ஒரு குண்டு என் தலையிலேயே விழுந்திருக்கலாம்'னார். 'நீங்க நிமிர்ந்து நடங்க, நான் கத்துறேன். பொண்டாட்டி வாயாடின்னு ஊர் சொல்லிட்டுப் போகட்டும்'னு நான்தாங்க சொன்னேன்."